பின்கதவு திறந்தா, மூடியா? ராணுவ ஆம்புலன்ஸ் மாதிரிக்கு வண்டி, அளவு, பொருள் தேர்வு

டாங்கியை மாதிரியாகச் செய்கிறவர் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடலாம். மூடிகளை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது எவருக்கும் தெரியாது, எவரும் கேட்கவும் மாட்டார்கள். ஆம்புலன்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த வண்டி உருவானதே பின்னால் இருக்கும் அறைக்காகத்தான். எஞ்சினும் சேஸிஸும் சக்கரமும் அந்த அறையைக் காயம்பட்டவர் கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவதற்கான ஏற்பாடுகள். ஆகவே, வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து, அதாவது ஸ்க்ராட்ச் முறையில், ஒரு ராணுவ ஆம்புலன்ஸைக் கட்ட நினைப்பவர் எந்த வண்டி, எந்த அளவு, எந்தப் பொருள் என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்பாக ஒரு கேள்விக்கு விடை சொல்லிக்கொள்ள வேண்டும்: மாதிரி முடிந்து அலமாரியில் நிற்கும்போது அதன் பின்கதவு திறந்திருக்குமா, மூடியிருக்குமா? இந்த ஒரு விடையைப் பொறுத்தே மற்ற மூன்றும் அமைகின்றன என்பது என் கருத்து; கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டது.

வண்டி

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் வண்டியான ஆஸ்டின் கே2/ஒய்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1940 முதல் 1945 வரை 13,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் கட்டப்பட்டன. வீரர்கள் அதைக் ‘கேட்டி’ என்று செல்லமாக அழைத்தார்கள். அதன் பின்கூட்டை ராணுவ மருத்துவப் படையினர் வடிவமைக்க, மான் எகர்ட்டன் என்ற வண்டிக்கூடு கட்டும் நிறுவனம் செய்து கொடுத்தது. நான்கு ஸ்ட்ரெச்சர்களோ உட்கார்ந்த நிலையில் பத்துப் பேரோ போகலாம். வண்டியின் மொத்த நீளம் ஏறத்தாழ 5.49 மீட்டர், உயரம் 2.79 மீட்டர், உள்ளறை ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1.7 மீட்டர் உயரமும் கொண்டது. தகட்டிலிருந்து கட்டுகிறவருக்கு இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு: பின்கூட்டின் சுவர்கள் ஏறக்குறைய தட்டையானவை, வளைவுகள் கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான். தட்டையான தகட்டை நேராக வெட்டத் தெரிந்தால் வண்டியின் முக்கால் பாகம் வந்துவிடும். மீதிக் கால் பாகம், அதாவது பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும், அதே அளவு நேரத்தை விழுங்கும் என்பது வேறு விஷயம்.

கே2-வில் இன்னொரு சிறப்பும் உண்டு, அதை நன்மை என்பதா தொல்லை என்பதா என்று தெரியவில்லை. ஓட்டுநர் அறைக்குக் கதவே கிடையாது; கான்வாஸ் திரைதான். கதவு செய்யும் வேலை மிச்சம், ஆனால் பின்கதவை மூடி ஒட்டிவிட்டவருக்குக்கூட ஓட்டுநர் இருக்கை, ஸ்டீயரிங், மிதிகள், டாஷ்போர்டு எல்லாவற்றையும் செய்தே ஆகவேண்டிய நிலை வருகிறது. ஓட்டுநர் அறையிலிருந்து பின்னறைக்குப் போக உள்ளே ஒரு கதவும் உண்டு. அதைத் திறந்து வைத்தால் முன்னிருந்து பார்ப்பவருக்குப் பின்னறையின் ஒரு கீற்று தெரியும்; பின்னறையைச் செய்து முடித்தவர்கள் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வாய்ப்பு இது.

அமெரிக்கத் தரப்பில் இதற்கு இணையான வண்டி டாட்ஜ் டபிள்யூசி-54. நான்கு சக்கரமும் இழுக்கும் முக்கால் டன் வகை. 1942 முதல் 1944 வரை 26,000 வண்டிகள் அளவில் செய்யப்பட்டன. இதன் கூடு முழுக்க இரும்புத் தகட்டை அழுத்தி வார்த்த வடிவம். கூரையும் பின்மூலைகளும் இரண்டு திசையிலும் வளைந்திருப்பதால், சீட்டாகக் கிடைக்கும் பிளாஸ்டிக்கை வைத்து அந்த வடிவத்தைக் கொண்டுவருவது கடினம்: கட்டையில் அச்சு செதுக்கி, தகட்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் படியவைக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கையில் வருவது, இத்தாலேரி நிறுவனம் 1/35 அளவில், அதாவது நிஜத்தின் 35-இல் ஒரு பங்காக, பல்லாண்டுகளாக விற்றுவரும் கிட்டின் (உறுப்புகள் தயாராக வரும், ஒட்டிச் சேர்க்கும் பெட்டியின்) கூட்டோடு ஒப்பிடப்படும். 1/35-இல் டபிள்யூசி-54-ஐத் தகட்டிலிருந்து கட்டுவதற்குப் பிடிவாதத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே குடும்பத்தில் 1945-இல் வந்த டபிள்யூசி-64 அப்படியல்ல. கப்பலில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கூட்டின் மேற்பகுதியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்பும்படி வடிவமைத்தார்கள். அதனால் டபிள்யூசி-54-இன் உருண்டை வடிவம் போய், தட்டையான பலகைகளைச் சேர்த்துப் பூட்டிய பெட்டி வடிவம் வந்தது. ஏறத்தாழ 3,500 வண்டிகள்தான் செய்யப்பட்டன என்பதால் அலமாரிகளில் அரிது. இரண்டுக்கும் சக்கர இடைவெளி, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயான தூரம், ஒன்றே: 121 அங்குலம். ஆகவே இத்தாலேரி கிட்டிலிருந்து சேஸிஸ், சக்கரம், பானெட், மட்கார்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பின்கூட்டை மட்டும் தகட்டில் கட்டிவிடலாம். கட்டுபவரைச் சோதிக்கும் வளைவுகள் அனைத்தும் கிட்டிலிருந்து வந்துவிடுகின்றன, தட்டையான பகுதி கைக்கு வருகிறது. டாட்ஜின் ஆயுத வண்டிக் கிட் மட்டுமே வீட்டில் இருக்கிறதென்றால் அதைப் பயன்படுத்த நினைக்க வேண்டாம்: அதன் சக்கர இடைவெளி 98 அங்குலம், 1/35-இல் சேஸிஸை வெட்டி 17 மில்லிமீட்டர் அளவு நீட்ட வேண்டியிருக்கும், அதோடு டிரைவ் ஷாஃப்டும் நீள வேண்டும். கிட் உறுப்புகளைச் சேர்த்தால் அது ஸ்க்ராட்ச் ஆகுமா என்ற வழக்கு எப்போதும் நடந்துகொண்டிருக்கும். கண்காட்சிக்கு அனுப்புகிறவர் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளட்டும். தன் அலமாரிக்காகச் செய்பவர் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

முதல் உலகப் போரின் ஃபோர்ட் டி ஆம்புலன்ஸ் வேறொரு வகையில் கவர்ச்சியானது. 1915-இல் பிரான்சில் தொடங்கிய அமெரிக்கக் கள சேவை என்ற தன்னார்வ அமைப்பு இந்த வண்டிகளைத்தான் ஏராளமாக ஓட்டியது. 20 குதிரைத்திறன் எஞ்சின், மூன்று ஸ்ட்ரெச்சர் அல்லது நான்கு பேர் உட்காரும் இடம், பின்னால் மரமும் கான்வாஸும். கூடு மரம் என்பதால் மாதிரியிலும் மரத்தையே பயன்படுத்தலாம். மெல்லிய மரச்சீவல் தரும் நிஜத்தன்மையை எந்தப் பெயின்டும் தராது. ஐசிஎம் நிறுவனம் 1/35-இல் இந்த ஆம்புலன்ஸையே கிட்டாகத் தருகிறது. 1/24-இல் 1911 முதல் 1914 வரையிலான ஃபோர்ட் டி வகைகளைத் தருகிறது. அந்த 1/24 சேஸிஸின்மேல் மரக்கூட்டை ஏற்றலாம் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1917 மாடலில் பித்தளை ரேடியேட்டர் போய்க் கறுப்புப் பூச்சு ரேடியேட்டர் வந்தது, பானெட்டின் வடிவமும் மாறியது. 1915, 1916 வண்டிகளில் பித்தளை ரேடியேட்டர் உண்டு, விளக்குகள் மட்டும் வேறு. இதைச் சரிபார்க்காமல் செய்தால், தெரிந்தவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

ஜெர்மனியின் அரைச் சங்கிலி வண்டி எஸ்டிகேஎஃப்இசட் 251/8-ஐ இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அடிப்படை வண்டிக்குக் கிட்கள் குவிந்து கிடக்கின்றன. ஆம்புலன்ஸ் என்பது உள்ளே ஸ்ட்ரெச்சர் தாங்கிகளைச் சேர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. போருக்குப் பிந்தைய வண்டிகளில் பிரிட்டனின் லேண்ட் ரோவர் 101 ஆம்புலன்ஸ் தகட்டு வேலைக்கு மிகவும் ஏற்றது. எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்தில், சற்றே பின்தள்ளி இருப்பதால் பானெட் என்று எதுவும் கிடையாது, மூஞ்சி தட்டை, மார்ஷல் நிறுவனம் கட்டிய பின்கூடு சதுரப் பெட்டி. சக்கர இடைவெளி பெயரிலேயே இருக்கிறது: 101 அங்குலம், அதாவது 1/24-இல் 107 மில்லிமீட்டர். வளைவுகளைக் கண்டு அஞ்சுகிறவர் முதல் வண்டியாக இதைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

அளவு

கே2-வின் உள்ளறையை ஒவ்வோர் அளவிலும் கணக்கிட்டுப் பார்த்தால் விவாதம் பாதி தீர்ந்துவிடும். 1/76-இல் அந்த அறை 34 மில்லிமீட்டர் நீளம், 26 மில்லிமீட்டர் அகலம், 22 மில்லிமீட்டர் உயரம். 1/35-இல் 74, 57, 49. 1/24-இல் 108, 83, 71. 1/16-இல் 163, 125, 106. ஸ்ட்ரெச்சர் கைப்பிடியோடு சேர்த்து நிஜத்தில் ஏறத்தாழ 2.3 மீட்டர் இருக்கும். அது முறையே 30, 66, 96, 144 மில்லிமீட்டர் ஆகிறது.

1/76-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகளாக விற்ற அவசர உதவி வண்டித் தொகுப்பில் கே2 ஆம்புலன்ஸ் உண்டு. அந்த அளவில் தகட்டிலிருந்து கட்டுவதென்றால் கதவு மூடிய வண்டிதான் புத்திசாலித்தனம். 22 மில்லிமீட்டர் உயரமுள்ள அறையை யாராவது குனிந்து எட்டிப் பார்த்தாலும் வெளிச்சம் போகாது, அரை மில்லிமீட்டர் தகடே நிஜத்தில் 38 மில்லிமீட்டர் கனமுள்ள சுவராகிவிடும். ரயில் மாதிரிக் காட்சியமைப்பில் ஓரமாக நிற்க வேண்டிய வண்டி என்றால் இந்த அளவு போதும். ரயில் மாதிரிக்காரர்களின் 4 மில்லிமீட்டர் (ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர்) அளவுக்கு இது அப்படியே பொருந்துவதும் ஒரு வசதி.

1/35-இன் பலம் துணைப்பொருட்கள். மனித உருவங்கள், தலைக்கவசம், தண்ணீர்க் கேன், ஏன் ஸ்ட்ரெச்சரும் காயம்பட்டவரும்கூட இந்த அளவில் கடையில் கிடைக்கும். காட்சியமைப்பாக, அதாவது பாலைவனத்தில் வண்டியின் பின்னால் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரை ஏற்றுவது போலச் செய்ய நினைப்பவருக்கு வேறு அளவைப் பரிந்துரைக்க முடியாது. அண்மை ஆண்டுகளில் இந்த அளவில் கே2-வுக்கே கிட் வந்துவிட்டது என்பது பலவீனம். அதைத் தெரிந்துகொண்டே தகட்டில் கட்டுவதென்றால் அந்த வேலையின் இன்பத்துக்காக மட்டுமே கட்ட வேண்டும்.

1/24-இல் நிலைமை தலைகீழ். கார் மாதிரிகளுக்கான அளவு என்பதால் ராணுவ உருவங்களும் கருவிகளும் அரிது. ஓட்டுநரைக்கூட நாமே உருவாக்க வேண்டும், அல்லது வண்டியை ஆளில்லாமல் நிறுத்த வேண்டும். ஆனால் 71 மில்லிமீட்டர் உயர அறைக்குள் விரல் நுழையும், சாமணம் திரும்பும், தூரிகை மூலைவரை போகும். ஸ்ட்ரெச்சரைத் தாங்கும் கொக்கி, அதன் வார், வாரில் உள்ள வளையம் எனத் தனித்தனியாகச் செய்து மாட்டலாம். வண்டி மொத்தம் 229 மில்லிமீட்டர் நீளம். சாதாரண புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். பின்கதவைத் திறந்து வைப்பது என்று முடிவெடுத்தவருக்கு என் பரிந்துரை இதுதான்.

1/16-ஐப் பற்றி ஆசையாகப் பேசுகிறவர்கள் உண்டு. 343 மில்லிமீட்டர் நீளம், 174 மில்லிமீட்டர் உயரம் என்ற அளவில் அந்த வண்டி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய மாதிரியில் விடுபட்டது பளிச்சென்று தெரியும். 1/35-இல் சிறு புள்ளியாக வைத்த திருகு 1/16-இல் தலையில் வெட்டோடு இருந்தாக வேண்டும். எஞ்சினுக்கு ஒயர் இழுக்க வேண்டும். இருக்கையின் தையல் தெரிய வேண்டும். வேலை நீளத்துக்கு ஏற்ப மட்டும் கூடுவதில்லை. பாதியில் நின்று தூசி படிந்த மாதிரிகளில் பெரியவைதான் அதிகம்.

சுவர் எதனால் ஆனது

கதவு திறந்த வண்டியும் மூடிய வண்டியும் உண்மையில் பிரிகிற இடம் இதுதான்; ஆகவே இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

மூடிய வண்டிக்குச் சுவர் கட்டுவது எளிது. 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் (மாதிரி வேலைக்கான பிளாஸ்டிக்) தகட்டில் இரண்டு பக்கம், முன், பின், கூரை என்று வெட்டி, மூலைமட்டம் வைத்து ஒட்டி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தடிப்பான பட்டைகளைக் கொடுத்தால் பெட்டி வளையாமல் நிற்கும். உள்ளே எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பாதகமில்லை. கதவைத் திறந்துவிட்டால் அந்தக் குறுக்குப் பட்டைகளுக்கு இடமே இல்லை. பட்டை இல்லாத 1 மில்லிமீட்டர் சுவர் 1/24 அளவில் சில மாதங்களில் உள்வாங்கிக் குழியும். பெயின்ட் அடித்த பிறகு அந்தக் குழிவு வெளிச்சத்தில் நன்றாகவே தெரியும்.

இதற்கு வழி இரட்டைச் சுவர். வெளியே அரை மில்லிமீட்டர் தகடு, உள்ளே அரை மில்லிமீட்டர் தகடு, இரண்டுக்கும் நடுவில் முக்கால் மில்லிமீட்டர் பட்டைகளால் ஆன சட்டம். மொத்தக் கனம் 1.75 மில்லிமீட்டர், 1/24-இல் நிஜமான 42 மில்லிமீட்டருக்குச் சமம், சட்டம் போட்டு இரு பக்கமும் பலகை அடித்த கூட்டுக்கு நம்பத்தகுந்த கனம். கதவின் விளிம்பு திறந்த நிலையில் தெரியும்போது அந்தக் கனம்தான் முதலில் கண்ணில் படும். இந்த முறையில் ஓர் ஆபத்து உண்டு. ஸ்டைரீனை ஒட்டும் திரவப் பசை தகட்டைக் கரைத்து இணைப்பது. இரண்டு தகடுகளுக்கு நடுவே அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லாவிட்டால், ஒட்டிய அன்று கண்ணாடிபோல் இருந்த சுவர் வாரங்கள் கழித்து மெல்ல வளையும். உள்தகட்டில் கண்ணுக்குப் படாத இடங்களில், ஸ்ட்ரெச்சர் தாங்கி மறைக்கும் இடமாகப் பார்த்து, ஒரு மில்லிமீட்டர் துளைகள் சில போட்டுவிட வேண்டும். நடுச் சட்டத்தின் பட்டைகளிலும் காற்று போக இடைவெளி விட வேண்டும். பசையைக் கொட்டாமல் சட்டத்தின் ஓரமாக மட்டும் தூரிகையால் தொட்டு வைப்பதும் உதவும்.

வெள்ளை ஸ்டைரீன் வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின்னறையில் சிறிய எல்இடி விளக்கு வைக்க நினைப்பவர், சுவர்களைச் சேர்ப்பதற்கு முன்பே இரு தகடுகளின் உட்புறத்திலும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். பசை படவேண்டிய கோடுகளை மட்டும் டேப்பால் மறைத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் விளக்கைப் போட்டதும் சுவரே மங்கலாக ஒளிரும், நடுச் சட்டத்தின் நிழல் எலும்புக்கூடாகத் தெரியும்.

ஸ்டைரீனுக்கு மாற்றாகச் சொல்லப்படுபவை சில. அட்டை மிக மலிவு, கூர்மையாக வெட்டலாம். அரக்கு வார்னிஷ் பூசினால் ஓரளவு உறுதியும் வரும். ஆனால் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பெரிய அட்டைப் பரப்பு நேராக நிற்பதை எதிர்பார்க்க முடியாது. விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு இலகுவானது, 1/12 போன்ற பெரிய வண்டிக்கு உள்சட்டமாகப் பயன்படும். அதன் வெட்டுமுகம் நுரையாக இருப்பதால் 1/24-க்குத் தகாது. பித்தளைத் தகடு அழகான பொருள்: ஈயப்பற்று வைத்தால் எந்தக் காலத்திலும் பிரியாது, மட்கார்டு விளிம்பை நிஜ இரும்புத் தகடுபோல மெல்லியதாகக் காட்டலாம். எனினும் முழுக்கூட்டையும் பித்தளையில் செய்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு மூலையைப் பற்றவைக்கும்போது பக்கத்து மூலை கழன்று வரும். அதைத் தடுக்கத் தேவையான கருவிகளும் பழக்கமும் தனிப் பயிற்சி. பித்தளையைக் கைப்பிடி, படி, ஸ்ட்ரெச்சர் கம்பி, கீல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கீலுக்கு மிகச் சிறந்த குழாய் மருந்துக்கடையில்தான் இருக்கிறது. பிரிக்காத ஊசி ஒன்றை வாங்கி, அதன் எஃகுக் குழலைத் தேய்ப்புச் சக்கரத்தால் சிறு துண்டுகளாக வெட்டி, அதனுள் நுழையும் கம்பியைப் போட்டால் நிஜமாகவே திறந்து மூடும் கதவு கிடைத்துவிடும். ஆம்புலன்ஸுக்குப் பொருத்தமான உதிரிபாகம்தான்.

அச்சிடுவதா, வார்ப்பதா

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு, முழு வண்டியையும் கணினியில் வரைந்து அச்சிட்டுவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. நடுத்தர ரெசின் (ஒளி பட்டுக் கெட்டியாகும் திரவப் பிசின்) அச்சு இயந்திரங்களின் தட்டு 1/24 பின்கூட்டை ஏற்கும் அளவுக்குப் பெரியது. அச்சடுக்கு 0.05 மில்லிமீட்டர், கண்ணுக்குக் கோடு தெரியாது. ஆனால் ரெசின் அச்சின் பலவீனம் சரியாக ஆம்புலன்ஸின் உடலிலேயே இருக்கிறது: பெரிய, மெல்லிய, தட்டையான பரப்பு. அச்சின்போதும், பின்னர் ஒளியில் கெட்டிப்படுத்தும்போதும் அத்தகைய பரப்பு முறுக்கிக்கொள்ளும். அதைத் தேய்த்துச் சமன்செய்யும் நேரத்தில் ஸ்டைரீன் தகட்டில் ஒரு பக்கச் சுவரையே வெட்டி எடுத்துவிடலாம். சட்டத்தில் அடங்கிய தட்டைப் பரப்பு தகட்டு வேலைக்கு எளிது, அச்சுக்குக் கடினம். பானெட்டும் மட்கார்டும் விளக்குக் கிண்ணமும் டயரின் பட்டைகளும் அச்சுக்கு எளிது, தகட்டு வேலைக்குக் கடினம். ஆகவே இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதைவிட வண்டியைப் பங்குபோட்டுக்கொடுப்பதே முறை.

கணினியில் வரையத் தெரியாதவருக்கும் இயந்திரம் இல்லாதவருக்கும் பழைய வழி இருக்கவே இருக்கிறது. ஒரு சக்கரத்தை மட்டும் மிகுந்த கவனத்துடன் செய்து, சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, மற்றவற்றைப் பாலியூரித்தேன் ரெசினில் வார்க்கலாம். கே2-வுக்கு ஸ்பேரோடு சேர்த்து ஐந்து சக்கரங்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கையால் ஐந்து செய்தால் ஐந்தும் ஐந்து விதமாக வரும். பானெட்டுக்குத் தேக்கு போன்ற நரம்பு தெரியும் மரத்தைத் தவிர்த்து, ஸ்டைரீன் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டையாக்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் வடிவத்துக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடித்த முறை. தகட்டின் ஒட்டுக்கோடுகள் நிலப்பட வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப்போல் தெரிவதால் இடதும் வலதும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க எளிது. ஒட்டிய கட்டையை நாள்கணக்கில் காயவிடாமல் அரத்தைத் தொடக்கூடாது. நடுவில் மிருதுவாக இருக்கும் கட்டை தேய்க்கத் தேய்க்க வடிவம் மாறும். சின்னக் குழிகளை நிரப்ப எம்-சீல் போதும்.

ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் எந்த இயந்திரமும் வேண்டாம். 1/24-இல் கழிகளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கம்பி, அதன்மேல் நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாள். தாள் ஈரமாக இருக்கும்போதே நடுவில் விரலால் லேசாக அழுத்திவிட வேண்டும். ஆள் படுத்துப் படுத்துத் தொய்ந்த கான்வாஸின் அந்தச் சிறு பள்ளம் இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சர் மேசைப் பலகைபோல விறைத்து நிற்கும். அச்சிட்ட ஸ்ட்ரெச்சர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். கதவு திறந்த வண்டியில் நான்கையும் ஒரே மாதிரி அடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேல்தட்டில் இரண்டு, கீழே ஒன்று சுருட்டிக் கட்டியபடி, இன்னொன்று வெளியே வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்தபடி இருந்தால் உள்ளே பார்க்க இடமும் கிடைக்கும்.

நிறமும் சிலுவையும்

பிரிட்டிஷ் வண்டியின் நிறம் காலத்தையும் களத்தையும் பொறுத்தது. போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை, 1941-க்குப் பிறகு எஸ்சிசி 2 என்ற பழுப்பு, 1944-இலிருந்து எஸ்சிசி 15 என்ற ஆலிவ் நிறம், வட ஆப்பிரிக்காவில் வெளிர்மணல் நிறம். கதவு திறந்த வண்டிக்கு வெளிர்மணல் நிறத்தைவிட எஸ்சிசி 2 பழுப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்: இருண்ட வெளிப்புறத்துக்குள் வெளிர்நிற உள்ளறை தனியாக எடுத்துக் காட்டும். மூடிய வண்டிக்கு இதற்கு நேர்மாறு. பார்க்க வெளிப்புறம் மட்டுமே இருக்கும்போது, மணல் நிறத்தின்மேல் தேய்வும் எண்ணெய்க் கறையும் வெயிலில் வெளுத்த திட்டுகளும் காட்டும் வாய்ப்பு அதிகம்.

செஞ்சிலுவைக்கு டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட படம்) ஒட்டுவதா, டேப்பால் மறைத்துப் பெயின்ட் அடிப்பதா என்பது கடைசித் தேர்வு. சின்னம் எது என்பதை ஜெனீவா உடன்படிக்கைகள் வரையறுக்கின்றன. சிலுவையின் கைகள் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று அவை சொல்லவில்லை. ஐந்து சமசதுரங்களால் ஆன சிலுவை வழக்கமாகப் பயன்படுகிறதே தவிர அதுவே விதி என்றில்லை. அதனால் போர்க்காலப் புகைப்படங்களில் மெலிந்த சிலுவைகளும் தடித்த சிலுவைகளும், சதுர வெள்ளைப் பின்னணியும் வட்ட வெள்ளைப் பின்னணியும் காணப்படுகின்றன. செய்யப்போகும் குறிப்பிட்ட வண்டியின் புகைப்படம் கையில் இருந்தால் அதிலிருந்து விகிதத்தை அளந்து டேப் வெட்டுவதே சரி. கடையில் வாங்கும் டெக்கால் எந்த வண்டிக்கும் உரியதாக இருக்காது. டெக்காலின் வெள்ளை, பழுப்பு நிறத்தின்மேல் ஒட்டினால் உள்ளிருக்கும் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் ஒரு குறை. அடிக்கும் வரிசையில் வெள்ளை முதலில், அதன்மேல் சிவப்பு, பிறகு சின்னம் முழுவதையும் டேப்பால் மூடிவிட்டு வண்டியின் நிறம். பழுப்பின்மேல் நேரடியாக அடித்த சிவப்பு எத்தனை பூச்சுக்குப் பிறகும் செங்கல் நிறமாகவே நிற்கும். கூரையிலும் சிலுவை இருந்த வண்டியாக இருந்தால், கூரையைப் பக்கச் சுவர்களோடு ஒட்டுவதற்கு முன்பே அதைத் தனியாக அடித்துவிடுவது வசதி. உள்ளறைக் கூரையின் பெயின்ட் வேலையும் அப்போதே முடிந்துவிடும், மூலைகளில் தூரிகையை வளைக்க வேண்டிய தேவை இருக்காது.